லாஸ் ஏஞ்சல்ஸில் கல்லூரிக் கால்பந்துக்குச் சீசன் டிக்கெட் வாங்குவதற்கு முன்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்து, வேலை கிடைத்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிவந்தபோது, இந்த ஊரிலும் அமெரிக்கக் கால்பந்து (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஆடும் ஒரு கல்லூரி அணியை எங்கள் குடும்பத்தின் அணியாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. யூசிஎல்ஏ (கலிபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சல்ஸ்) வளாகம் இருக்கும் வெஸ்ட்வுட்டுக்குப் பக்கத்தில் வீடு அமைந்ததால் அதன் அணியைத் தேர்ந்தெடுத்து, 2022ஆம் ஆண்டுப் பருவத்துக்கு எனக்கும் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக நான்கு சீசன் டிக்கெட்டுகள் வாங்கினேன். வாகன நிறுத்த அனுமதியும் சேர்த்து இரண்டாயிரம் டாலரை நெருங்கிய அந்தச் செலவில் பாதிக்கு மேல் எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று. அதைவிட, ஆவலோடு தொடங்கிய ஒரு குடும்ப வழக்கம் சில வாரங்களிலேயே கசந்துபோனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியது. அப்போது கேட்டறிய எனக்கு யாரும் இருக்கவில்லை. அலுவலகத்தில் இருந்த தமிழ் நண்பர்கள் கிரிக்கெட்டையும் கூடைப்பந்தையும் பின்தொடர்ந்தார்களே தவிர, இந்த விளையாட்டின் பக்கம் வந்ததில்லை. இனி வருகிறவர்களாவது விவரம் தெரிந்து முடிவெடுக்கட்டும் என்பதற்காகவே, நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

முதலில் என் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் சுமார் ஒன்றேகால் லட்சம் பேர் வாழும் ஊர். அங்குள்ள மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். 1975ஆம் ஆண்டு நவம்பர் முதல், கொரோனாவால் பார்வையாளர்களை அனுமதிக்காத 2020 தவிர, அங்கு நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். மாணவனாக இருந்த காலத்தில் சனிக்கிழமை காலை அறையை விட்டு இறங்கினால் போதும், தெருவில் போகும் கூட்டமே நம்மை மைதானத்துக்குக் கொண்டு சேர்த்துவிடும். கார் தேவையில்லை, திட்டம் தேவையில்லை, விளையாட்டைப் பற்றிய அறிவுகூடத் தேவையில்லை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியதற்கு அந்த ஊர்தான் காரணம்.

2022 செப்டம்பர் 3ஆம் தேதி, பௌலிங் கிரீன் அணிக்கு எதிரான முதல் ஆட்டம். காலை 11.30க்குத் தொடக்கம். கலிபோர்னியா முழுவதையும் வெப்ப அலை வாட்டிக்கொண்டிருந்த வாரம் அது. யூசிஎல்ஏ தன் உள்ளூர் ஆட்டங்களை ஆடும், பசடினா நகரிலுள்ள ரோஸ் பௌல் மைதானம் 1922இல் கட்டப்பட்ட, கூரையில்லாத, கிண்ண வடிவிலான பழைய மைதானம். ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் அமரக்கூடியது. 1994இல் பிரேசிலும் இத்தாலியும் மோதிய சாக்கர் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த இடம் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லித்தான் அழைத்துச் சென்றேன். உள்ளே நுழைந்து படிகளின் மேல் நின்றபோது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காலி இருக்கைகள் வெயிலில் மின்னின. அன்று அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 27,143. யூசிஎல்ஏ 1982இல் ரோஸ் பௌலுக்கு வந்ததிலிருந்து அதுதான் மிகக் குறைந்த கூட்டம். பல கல்லூரிகளில் அறிவிக்கப்படும் எண்ணிக்கை விற்பனையான, வழங்கப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கையே. வாயிலைக் கடந்து வந்தவர்கள் அதைவிடக் குறைவாகவே இருப்பார்கள் என்பதைப் பிறகு அறிந்துகொண்டேன். அணி 45-17 என்ற கணக்கில் எளிதாக வென்றது. ஆனால் இடைவேளைக்குள்ளேயே மகளுக்குத் தலைவலி வந்துவிட்டது. மகன் நிழல் தேடி நடைபாதையில் போய் உட்கார்ந்துகொண்டான். மனைவி எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த இடத்தில் முதல் குறிப்பைச் சொல்லிவிடுகிறேன். ரோஸ் பௌலில் செய்தியாளர் மாடம் மேற்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கிறது. பிற்பகலில் நிழல் முதலில் அந்தப் பக்கத்தின் மேல் வரிசைகளில்தான் விழும். கிழக்குப் பக்கத்தில் அமர்பவர்கள் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் இருக்கைகள் விலை குறைவாக இருந்த கிழக்குப் பக்கத்தில் இருந்தன. செப்டம்பர் மாதத்துப் பகல் ஆட்டத்துக்குக் குழந்தைகளோடு செல்வதாக இருந்தால், இருபது முப்பது டாலர் கூடுதலாகக் கொடுத்தாவது மேற்குப் பக்கத்தின் மேல் வரிசைகளில் வாங்குங்கள். அது முடியாவிட்டால் மாலை ஆட்டமாகப் பார்த்துப் போங்கள்.

எங்கள் பக்கத்து இருக்கையில், அணி கொலிசியத்தில் ஆடிய காலத்திலிருந்தே ஆட்டங்களுக்கு வரும் முதியவர் ஒருவர் இருந்தார். ஏன் இவ்வளவு காலியாக இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். "தம்பி, இந்த அணிக்குச் சொந்த வீடு கிடையாது" என்று அவர் பதில் சொன்ன விதத்தில் பல ஆண்டு ஆதங்கம் தெரிந்தது. யூசிஎல்ஏ 1981 வரை லாஸ் ஏஞ்சல்ஸ் நினைவுக் கொலிசியத்தில் ஆடியது. அந்த மைதானம் அவர்களுடைய பரம எதிரியான யுஎஸ்சி (தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்தின் வாசலிலேயே இருக்கிறது. 1960களில் வெஸ்ட்வுட் வளாகத்துக்குள்ளேயே ஒரு கால்பந்து மைதானம் கட்டும் யோசனை எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 1982இல் பசடினாவுக்குப் போனார்கள். வளாகத்திலிருந்து ரோஸ் பௌல் ஏறத்தாழ 26 மைல், அதாவது நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருப்பது நாட்டின் மிக நெரிசலான நெடுஞ்சாலைகளில் சில.

தூரம் என்றால் என்ன என்பதை அனுபவித்தால்தான் புரியும். செப்டம்பர் 30ஆம் தேதி வாஷிங்டன் அணியுடனான ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவு 7.30க்கு வைக்கப்பட்டது. மாலை ஐந்து மணிக்கே கிளம்பி, 405ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து 101க்கும் அதிலிருந்து 134க்கும் மாறிச் செல்லும் வழியில், வாரக் கடைசியின் வாகன வெள்ளத்தில் ஊர்ந்தோம். ஆட்டம் தொடங்கியதை வானொலியில் கேட்டபடியேதான் பசடினாவுக்குள் நுழைந்தோம். மைதானத்தைச் சுற்றியுள்ள புரூக்சைடு கோல்ஃப் புல்வெளியே வாகன நிறுத்துமிடம். அந்த இடம் அரோயோ செக்கோ பள்ளத்தாக்கில், அமைதியான குடியிருப்புகளுக்கு நடுவில் இருப்பதால், வெளியேறுவதற்குக் குறுகலான தெருக்களே உள்ளன. ஆட்டம் முடிந்து காரில் ஏறி அமர்ந்தபின், ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் புல்வெளியை விட்டே நகர முடியவில்லை. வீடு வந்தபோது நள்ளிரவு தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. 40-32 என்று அணி வென்ற, உண்மையிலேயே அருமையான ஆட்டம் அது. ஆனால் அடுத்த வாரம் டிக்கெட்டுகளை எடுத்து நீட்டியபோது, "நீங்கள் போய்வாருங்கள், நாங்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று மனைவி மென்மையாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தவறேதும் இல்லை. அன்று முதல் பெரும்பாலான ஆட்டங்களுக்கு நான் தனியாகத்தான் சென்றேன். எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மூன்று இருக்கைகளும் எங்களுடையவை. மைதானத்தில் காலியாக இருந்த ஆயிரக்கணக்கான இருக்கைகளுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வீடு இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூட்டம் குறைவதை ரசிகர்களின் விசுவாசக் குறைவு என்று எழுதுபவர்களை அதன் பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

போக்குவரத்தைப் பொறுத்தவரை இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2023 ஜூனில் நகர மையத்தின் மெட்ரோ ரயில் சுரங்க இணைப்புப் பாதை திறக்கப்பட்ட பிறகு, மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் ஈ தடத்தில் ஏறி, நகர மையத்தில் ஏ தடத்துக்கு மாறி, பசடினாவின் மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பழைய பசடினாவின் கடைத்தெரு வழியாகச் சிறிது தூரம் நடந்தால், ஆட்ட நாட்களில் மைதானத்துக்கு விடப்படும் பேருந்துகளில் ஏறிக்கொள்ளலாம். நேரம் காரில் போவதைவிடக் குறையாது. ஆனால் புல்வெளியில் சிக்கிக் கிடக்கும் அலுப்பு இல்லை. பிள்ளைகள் வழியில் தூங்கிவிடலாம். காரில்தான் போவேன் என்றால், பழைய பசடினாவிலுள்ள அடுக்குமாடி வாகன நிறுத்தங்களில் விட்டுவிட்டு அதே பேருந்தில் செல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நெரிசல் தணிந்திருக்கும். மைதானத்து வாகன அனுமதியைப் பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டி வாங்கவே வேண்டாம்.

இருக்கைகள் காலியாகக் கிடப்பதற்கான அடுத்த காரணத்தை நான் கல்வி நாட்காட்டியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மிச்சிகனில் வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியிலேயே தொடங்கிவிடும். முதல் ஆட்டத்துக்கே மாணவர் பகுதி நிரம்பி வழியும். யூசிஎல்ஏ ஆண்டை மூன்று காலாண்டுகளாகப் பிரித்து நடத்துவதால், 2022இல் இலையுதிர்கால வகுப்புகள் செப்டம்பர் 22ஆம் தேதிதான் தொடங்கின. ஆனால் பௌலிங் கிரீன், அலபாமா ஸ்டேட், சவுத் அலபாமா ஆகிய மூன்று அணிகளுடனான உள்ளூர் ஆட்டங்களும் 17ஆம் தேதிக்குள் முடிந்துவிட்டன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்களைக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தின் அணி, அவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே இல்லாதபோது பருவத்தைத் தொடங்குகிறது. இசைக்குழு வாசிக்கிறது, ஆனால் அதற்கு எழுந்து நின்று குரல் கொடுக்க வேண்டியவர்கள் இன்னும் பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள். அந்த மூன்றில் அலபாமா ஸ்டேட், கல்லூரிக் கால்பந்தில் ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த அணி. யூசிஎல்ஏ தன் வரலாற்றில் அதுவரை அந்தப் பிரிவு அணி எதனுடனும் ஆடியதில்லை. சவுத் அலபாமாவுடனான ஆட்டத்தைக் கடைசி நொடியில் அடித்த உதையால் 32-31 என்று வென்றார்கள். அந்தப் பரபரப்பைப் பகிர்ந்துகொள்ள என் வரிசையில் ஆளே இல்லை. ஆகவே முதன்முதலாகச் செல்பவர்கள் அக்டோபர் அல்லது நவம்பர் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெயிலும் தணிந்திருக்கும், மாணவர்களும் வந்திருப்பார்கள்.

நேரம் என்பது இன்னொரு தலைவலி. சீசன் டிக்கெட் வாங்கும்போது ஆட்டம் நடக்கும் தேதி மட்டுமே நமக்குத் தெரியும். பல ஆட்டங்கள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை, ஒளிபரப்பு உரிமை பெற்ற தொலைக்காட்சி நிறுவனங்கள் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான் அறிவிக்கும். சில சமயம் ஆறு நாட்களுக்கு முன்புதான். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, நீச்சல் வகுப்பு, நண்பர் வீட்டு விசேஷம் என்று சனிக்கிழமையை முன்கூட்டியே பங்குபோட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரும் தொல்லை. அக்டோபர் 29ஆம் தேதி ஸ்டான்ஃபோர்டுடனான ஆட்டத்துக்கு எப்படியாவது பிள்ளைகளை அழைத்துப் போய்விட வேண்டும் என்று இருந்தேன்; அது இரவு 7.30க்கு என்று அறிவிக்கப்பட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். கிழக்குக் கரையில் மற்ற ஆட்டங்கள் முடிந்தபிறகு காட்டுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்பதற்காக, மேற்குக் கரை அணிகள் பல ஆண்டுகளாக இப்படி இரவில் ஆடிவருகின்றன. 2024இல் யூசிஎல்ஏ, மத்திய மேற்கு மாநில அணிகள் மிகுந்த பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகும் இது தீரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி அயோவாவுடனான உள்ளூர் ஆட்டமும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் நடந்தது.

போக முடியாத ஆட்டங்களின் டிக்கெட்டுகளை விற்றுவிடலாம் என்ற என் கணக்கும் பொய்த்தது. மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கிய விலைக்கே போட்டேன், கேட்பாரில்லை. பாதியாகக் குறைத்தேன், அப்போதும் நகரவில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள், நான் கொடுத்த தொகையில் சிறு பகுதிக்கு அதே பகுதியின் இருக்கைகள் குவிந்து கிடந்தன. தளத்தின் கட்டணம் போகக் கைக்கு வந்தது ஒரு வேளை உணவுக்குத்தான் காணும். யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஆன் ஆர்பரில் இடம் குறைவு, ஆள் அதிகம். ஆகவே டிக்கெட் என்பது சொத்து. தொண்ணூறாயிரம் இருக்கைகளில் பாதி நிரம்பாத இடத்தில், டிக்கெட்டை முன்கூட்டி வாங்குவதற்கு எந்த அவசரமும் இல்லை. அந்தப் பருவத்தில் எனக்கு முழு விலை கிடைத்திருக்கக்கூடிய ஒரே ஆட்டம் நவம்பர் 19ஆம் தேதி யுஎஸ்சியுடனானது. அன்று கூட்டம் எழுபதாயிரத்தைத் தாண்டியது. அதை மட்டும் விற்கவில்லை. பிள்ளைகளை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். 48-45 என்று தோற்றார்கள் என்றாலும், மைதானம் பாதி நீலமும் பாதி சிவப்புமாகக் கொதித்த அந்த மாலையில், என் மகன் முதன்முறையாக இருக்கையின் மேல் ஏறி நின்று கத்தினான். ஆகவே சீசன் டிக்கெட்டுக்குப் பதிலாக, பிடித்த இரண்டு ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து அந்தந்த வாரத்தில் வாங்குங்கள். யுஎஸ்சி ஆட்டம், பெரிய விருந்தாளி அணிகள் வரும் ஆட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே வாங்குவது நல்லது.

வென்றால் கூட்டம் வரும் என்று பலர் சொல்வார்கள். அது ஓரளவுதான் உண்மை. 2022இல் இந்த அணி ஒன்பது ஆட்டங்களில் வென்றது. 2025இல் நான்கு ஆட்டங்களில் தொடர்ந்து தோற்று, பயிற்சியாளரையும் மாற்றியிருந்த நிலையில், அக்டோபர் 4ஆம் தேதி தரவரிசையில் ஏழாம் இடத்திலிருந்த பென் ஸ்டேட் அணியை ரோஸ் பௌலிலேயே 42-37 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியை நேரில் கண்டவர்களைச் சுற்றிலும் இருக்கைகளில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் ஓர் அணியை நம்பி வாழும் ஊர் இல்லை. 1995 முதல் 2015 வரை தொழில்முறைக் கால்பந்து அணியே இல்லாத இந்நகரத்துக்கு 2016இல் ராம்ஸும் 2017இல் சார்ஜர்ஸும் வந்துவிட்டன. 2022 பிப்ரவரியில் ராம்ஸ் தன் சொந்த மைதானத்திலேயே, தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. பேஸ்பாலில் டாட்ஜர்ஸ், கூடைப்பந்தில் லேக்கர்ஸ் ஆகியவற்றின் பிடி வேறு. யூசிஎல்ஏவின் சொந்தப் பெருமைகூடக் கூடைப்பந்தில்தான் ஆழமாக ஊன்றியிருக்கிறது. பயிற்சியாளர் ஜான் வூடன் 1964க்கும் 1975க்கும் இடையில் பத்துத் தேசியப் பட்டங்கள் வென்றுகொடுத்தார். அந்த அணி ஆடும் பாலி பெவிலியன் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, மாணவர்கள் விடுதியிலிருந்து நடந்தே போய்விடுகிறார்கள். கால்பந்தில் அவர்களுக்கு உள்ள தேசியப் பட்டம் 1954இல் கிடைத்தது. மேலும் இந்த ஊரில் என்னைப் போல வேறு மாநிலங்களில் படித்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். மத்திய மேற்கு மாநிலங்களின் அணிகள் வரும்போது காலி இருக்கைகளில் கணிசமான பகுதியை அவர்கள்தான் நிரப்புகிறார்கள். அன்று உள்ளூர் அணிக்குச் சொந்த மண்ணிலேயே எதிர்ப்புக் குரல் கேட்கும்.

2025இல் யூசிஎல்ஏ இங்கிள்வுட்டிலுள்ள சோஃபை மைதானத்துக்கு மாற முயல்கிறது என்ற செய்தி வந்ததும், பசடினா நகராட்சியும் ரோஸ் பௌல் நிர்வாகமும் நீதிமன்றத்துக்குப் போயின. ரோஸ் பௌலில் ஆடுவதற்கான யூசிஎல்ஏவின் ஒப்பந்தம் 2044 வரை இருக்கிறது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. பார்வையாளனாக என் கருத்தை மட்டும் சொல்கிறேன். 2020இல் திறக்கப்பட்ட சோஃபை மைதானம், யூசிஎல்ஏ வளாகத்திலிருந்து ரோஸ் பௌலுக்கு உள்ளதில் பாதித் தூரத்தில் இருக்கிறது, கூரையும் உண்டு. எழுபதாயிரம் இருக்கைகள் என்பதால் அதே கூட்டம் அங்கே அடர்த்தியாகத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை இரவும், செப்டம்பரில் ஊருக்குப் போயிருக்கும் மாணவர்களும், பல தொழில்முறை அணிகளின் போட்டியும் அங்கேயும் கூடவே வரும். சான் கேப்ரியல் மலைகள் மாலை வெயிலில் நிறம் மாறுவதைப் பார்த்தபடி, புல்தரையில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து சாப்பிடும் வழக்கம் மட்டும் பசடினாவோடு நின்றுவிடும். அதை இழக்க எனக்கு மனமில்லை.

இப்போது நாங்கள் சீசன் டிக்கெட் வாங்குவதில்லை. கோடையில் அட்டவணை வந்ததும் அக்டோபர், நவம்பர் ஆட்டங்களில் ஒன்றிரண்டைக் குறித்துக்கொண்டு, தொடக்க நேரம் அறிவிக்கப்படும் வரை காத்திருக்கிறோம். பகலிலோ பிற்பகலிலோ அமைந்தால் அந்த வாரத்தில் மேற்குப் பக்கத்தில் நான்கு இருக்கைகள் வாங்கி, வீட்டிலிருந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ரயிலில் கிளம்புகிறோம். உணவை மைதானத்துக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள். உள்ளே ஒளி ஊடுருவும் பைகளை மட்டுமே அனுமதிப்பதால், சாதாரணத் தோள்பையோடு போனால் வாயிலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரவு ஆட்டமாக அமைந்துவிட்டால் வீட்டில் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிடுகிறோம். அந்த வாரம் போகவில்லையே என்ற வருத்தம் வருவதில்லை, ஏனென்றால் முன்பணம் எதுவும் கட்டியிருப்பதில்லை.